அக்கா கொடுத்த கெஃபிர்

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும், இனி நான் தொடுகிற பாலெல்லாம் திரிந்து போகட்டும்.

மகளின் பிரசவத்துக்காக என் மனைவி ஒரு மாதம் ஊருக்குக் கிளம்பினாள். வீட்டுச் சாவியை மேசைமேல் வீசிவிட்டு, ஒரு கண்ணாடி ஜாடியை மட்டும் என் இரண்டு கையிலும் கொடுத்தாள். உள்ளே பாலில் கெஃபிர் மிதந்தது. பார்த்தால் பொடியாகப் பிய்த்த காலிஃபிளவர், தொட்டால் ரப்பர். ஒரே நாளில் பாலைப் புளிக்க வைத்துவிடும். புளித்ததை வடிகட்டிவிட்டு, வடிகட்டியில் தங்குவதைப் புதுப் பாலில் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அது அவளுடைய அக்கா கொடுத்தது. அக்கா போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவர் கைபட்டதில் இன்னும் உயிரோடு இருப்பது இது ஒன்றுதான்.

“ஏங்க, மூடியை இறுக்காதீங்க. சூடு ஆகவே ஆகாது. இது செத்துதுன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன்.”

“கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷமா நான் உயிரோட இல்லையா? இதைப் பாத்துக்க மாட்டேனா?”

“உங்களைப் பாத்துக்கிட்டது நான்.”

மூன்றாம் நாள் ஜாடி நிரம்பியது. ஒரு வாரத்தில் வாளி. நான்கு வேளையும் அதையே குடித்தேன். மிஞ்சியதைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் கெட்டியாகும், இடமாவது மிச்சமாகும் என்று பார்த்தேன். குளியலறைக் குழாய், ஜன்னல் கம்பி, பீரோக் கைப்பிடி, எங்கே பார்த்தாலும் மூட்டை, எல்லாவற்றிலிருந்தும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். வீட்டுக்குள் குடை பிடித்துக்கொண்டு பேப்பர் படித்தேன்.

பால்கடைக்காரர், “சார் வீட்ல கன்னுக்குட்டி வளக்கிறீங்களா?” என்று கேட்டார்.

தலையணை உறைகள் தீர்ந்ததும் மாடித் தையற்காரரிடம் போனேன்.

“அண்ணே, மெல்லிசா துணி வேணும்.”

“யாருக்கு?”

“கெஃபிருக்கு.”

அவர் அளவு நாடாவோடு இறங்கி வந்தார். அப்போது அது கட்டிலில் படுத்திருந்தது. சுற்றி வந்து அளந்தார். பிறகு நாடாவைச் சுருட்டினார்.

“நாலு மீட்டர் பத்தாது சார். வளர்ற புள்ளை. கொஞ்சம் தாராளமாத்தான் தைக்கணும்.”

மனைவி தினமும் போன் செய்தாள். பேரனைப் பற்றி ஒரு வரி, இதைப் பற்றிப் பத்து வரி.

“எப்படிங்க இருக்கு?”

“நல்லா வளருது.”

“எங்க அக்கா கைராசி அப்படி,” என்று சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.

கொஞ்சம் எடுத்து எறியட்டுமா என்ற கேள்வி நுனிநாக்கு வரை வந்து, அங்கேயே உட்கார்ந்துகொண்டது. மைத்துனியை எப்படி ஐயா சாக்கடையில் கொட்டுவது? கட்டிலைக் கொடுத்தேன், நாற்காலிக்கு வந்தேன். நாற்காலியையும் அது எடுத்துக்கொண்டது, வாசற்படிக்கு வந்தேன். என் வீட்டுக்குள் போக நானே கதவைத் தட்ட வேண்டியிருந்தது.

இன்று காலை அது தானாகவே கதவைத் தள்ளித் திறந்து, படியிறங்கி, பஸ் நிறுத்தம் பக்கமாக உருண்டு போனது. பின்னாலேயே ஓடினேன். மூட்டுவலிக்காரன் எவ்வளவு தூரம் ஓடுவான்? திரும்பி வந்தால் வீட்டில் கழுவிக் கவிழ்த்த ஜாடி மட்டும் இருந்தது. மத்தியானம் அவள் வந்துவிடுவாள்.

முழுக்கதையையும் தையற்காரரிடம் சொன்னேன். பொத்தான் தைத்துக்கொண்டே கேட்டார்.

“இதையேவா சார் அவங்ககிட்ட சொல்லப் போறீங்க?”

“அளவெடுத்தது நீங்கதானே? கூட வந்து நின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.”

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். கீழே ஆட்டோ வந்து நின்றது. “ஏங்க!” என்று அவள் குரல் கேட்டது.

அவள் ஊருக்குப் போன மறுநாளே, சுத்தமாக இருக்கட்டும் என்று கொதிக்கிற வெந்நீரில் அலசி வடிகட்டி, அதை நான் கொன்றுவிட்டேன்.