கூடத்தின் வழியே ஒரு தெரு

கூட்டத்துக்கு இருந்தவர்கள் நான்கு பேர். பூகோள வாத்தியார் ஜன்னலோரம் பிரம்பு நாற்காலியில். மருந்துக்கடைக்காரர் சமையலறை வாசற்படியில். மின் மீட்டர் கணக்கெடுக்கும் வீட்டுக்காரர் ஒரு முக்காலியில். அவர் மனைவி, இரவு டியூட்டி பார்க்கும் நர்ஸம்மா, தன் கட்டிலில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு. கூடத்தின் நடுவில் யாரும் உட்காரவில்லை; அங்கே தெரு போய்க்கொண்டிருந்தது.

தெரு வந்த விதம் இது. ஆண்கள் மூவரும் சம்பளமில்லாமல் ஊருக்கு வரைபடம் வரைகிறவர்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம் என்று இணையத்தில் திறந்து கிடக்கும் வரைபடம். வீட்டுக்காரர் சட்டைப்பையில் ஜிபிஎஸ்ஸை ஓடவிட்டு வீடு வீடாக மீட்டர் பார்ப்பார். அவர் நடந்த தடம் கோடாக விழும். அந்தக் கோடுகளின் மேல் வாத்தியார் தெருக்களை வரைவார். நடுவில் வீட்டுக்காரர் தன் வீட்டு முன்வாசலில் நுழைந்து, தண்ணீர் குடித்து, பின்வாசல் வழியாக அடுத்த தெருவுக்குப் போவார். ஜிபிஎஸ்ஸை நிறுத்த மறந்துவிடுவார். சில வருஷங்களில் கோட்டின்மேல் கோடு விழுந்து கயிறுபோலத் தடித்தது. ஒரு தடம் பொய் சொல்லும், நூறு தடம் பொய் சொல்லாது என்பது வாத்தியாரின் கொள்கை. கூடத்தின் வழியே ஒரு தெருவை வரைந்துவிட்டார்.

மறுநாள் காலை ஒரு சைக்கிள்காரர் மணியடித்துக்கொண்டு கூடத்தைக் கடந்தார். சுவர்கள் ஒதுங்கிக்கொண்டன. அடுத்து பால் வண்டி வந்தது, மழைக்காலத்துக்குள் பள்ளி வேன். நகராட்சி தார் போட்டது. சமையலறைப் பக்கம் சரிவு வைத்து, ஒழுங்காகவே போட்டது. நர்ஸம்மாவுக்குத்தான் தூக்கம் போயிற்று. பகலில் உறங்கினால்தான் இரவில் ஊசி போட முடியும். ஒரு நோயாளிக்கு மருந்தை மாற்றி எடுத்து, போடுவதற்கு முன் பார்த்துவிட்டார். அடுத்த முறை பார்ப்போமா என்று அவருக்கே நிச்சயமில்லை.

அதற்குத்தான் இந்தக் கூட்டம். தெருவை வரைபடத்திலிருந்து அழித்துவிடுங்கள் என்றார் நர்ஸம்மா. வாத்தியார் ஏற்கெனவே அழித்துப் பார்த்திருந்தார். முகம் தெரியாத யாரோ, தாம் அவ்வழியே ஸ்கூட்டரில் போன தடத்தை வைத்து அன்றே திரும்ப வரைந்துவிட்டார்.

"தரையில இருக்கறத வரையணும்மா. அதுதான் எங்க சட்டம். இப்ப தெரு தரையில இருக்கே" என்றார் வாத்தியார்.

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தா தெரியும் சார். உங்க வீட்டுக்குள்ள வேன் போனா சட்டம் பேசுவீங்களா?"

"தூக்க மாத்திரை தரட்டுமா?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"வேணாம்ணே. அந்த வேன்காரனுக்குக் குடுங்க."

வேன் கடக்கும்வரை எல்லோரும் கால்களை இழுத்துக்கொண்டார்கள். நர்ஸம்மா படுத்துவிட்டார். கண்ணை மூடியபடியே கேட்டார்: "என் கட்டிலும் தரையிலதான் சார் இருக்கு. அத வரைஞ்சீங்களா?"

வரையவில்லை என்பது உண்மை. வாத்தியார் எழுந்து கட்டிலை அளந்தார். வரைபடத்தின் வகைகளில் கட்டில் இல்லை. நெருங்கி வந்தது ரவுண்டானா. அதையே வரைந்து, ஒலி எழுப்பக் கூடாது என்று குறிப்பும் சேர்த்தார். முகம் தெரியாதவர் வந்து சரிபார்த்து, சுற்றும் திசைக்கு அம்புக்குறி மட்டும் போட்டுவிட்டுப் போனார்.

மறுநாளிலிருந்து வண்டிகள் கட்டிலைச் சுற்றி, ஹாரன் இல்லாமல் போயின. கூடம் அதற்கேற்ப அகன்றுகொடுத்தது. நர்ஸம்மா தூங்கினார். மருந்து மாறவில்லை. வழி கேட்பவர்களுக்கு ஊரார் நர்ஸம்மா ரவுண்டானாவை அடையாளம் சொல்லத் தொடங்கினார்கள். பிறகு பேருந்தும் விட்டார்கள்.

அந்த வருஷம் வீட்டுக்காரர் தன் அக்காவுக்கு எழுதினார்: 'நீ வருவதாக அறிந்து சந்தோஷம். பேருந்து வீட்டுக்குள்ளேயே நிற்கிறது, சமையலறை ஸ்டாப்பிங் என்று கேட்டு இறங்கு. பகலில் வந்தால் மெதுவாகப் பேசு, அவள் தூங்குவாள். எனக்குத்தான் படுக்க இடமில்லை, மாடிப்படிக்கு அடியில் படுக்கிறேன். பழகிவிட்டது.' உறையை ஒட்டி, உட்கார்ந்தபடியே கையை நீட்டினார். தபால்காரர் சைக்கிளை நிறுத்தாமல் வாங்கிக்கொண்டு, கட்டிலைச் சுற்றிப் பின்வாசல் பக்கம் திரும்பிப் போனார்.