இஞ்சிப் பாத்திக்கு மேலே போன ஒயர்

புஷ்பாவும் அவள் தம்பி ரவிச்சந்திரனும் முகம் கொடுத்துப் பேசியது அப்பா பெரியதம்பி உயிரோடு இருந்தவரைதான். ரப்பர் தோட்டத்தில் உழைத்து, அந்தமானில் ரங்கத் ஊருக்கு வெளியே அவர் வாங்கிய பாக்குத் தோப்பு அது. வீடு மகளுக்கு, தோப்பின் கோடியில் இருந்த தகரக் கொட்டகை மகனுக்கு என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். மனைவியோடு ஒத்துவராமல் போர்ட் பிளேரிலிருந்து ரவி அந்தக் கொட்டகைக்கே குடிவந்தபோது, புஷ்பா வா என்றுகூடச் சொல்லவில்லை. அப்பா படுக்கையில் கிடந்தபோது எட்டிப் பார்க்காதவனுக்கு என்ன உபசாரம்?

மீன் வியாபாரத்துக்காக ரவி ஒரு பழைய பிரீசரைக் கொண்டுவந்து கொட்டகையில் இறக்கினான். தனி மீட்டர் கிடைக்க மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். வேறு வழியில்லாமல் அக்காவிடம் வந்தான். வீட்டிலிருந்து மண்ணுக்கடியில் கேபிள் போட்டுக்கொள்கிறேன், கரண்டு பில்லில் பாதி என்னுடையது என்றான். குழி வெட்டினால் அது அவளுடைய இஞ்சிப் பாத்தியின் நடுவில்தான் போகும்.

"பிஜ்லி வேணும்னா மேல இழுத்துக்க. என் மண்ணுல மம்பட்டி வச்சே, அப்புறம் இருக்கு ஒனக்கு" என்றாள்.

அவன் அப்படியே செய்தான். சமையலறைப் பிளக்கிலிருந்து ஒரு மெல்லிய ஒயரைப் பாக்கு மரங்களில் கட்டி, இஞ்சிப் பாத்திக்கு மேலே கொண்டுபோய், கொட்டகைத் தகரத்தில் ஓட்டை போட்டு உள்ளே விட்டான். கோபம் வந்தபோதெல்லாம் புஷ்பா அந்தச் சுவிட்சை அணைத்தாள். ஒருமுறை பிரீசரில் இருந்த மீன் முழுக்கக் கெட்டது. ரவி அதை அள்ளிவந்து அவள் பின்வாசலில் கொட்டிவிட்டுப் போனான். நாற்றம் போக அவள் வாரக்கணக்கில் பினாயில் ஊற்றிக் கழுவினாள்.

மழைக்காலம் வந்தது. காற்றில் ஆடி ஆடி, தகரத்தின் விளிம்பில் ஒயரின் தோல் அறுந்திருந்தது. யாரும் பார்க்கவில்லை. ஒரு மத்தியானம் சாரலுக்கு ஒதுங்கிய அவளுடைய சினைப்பசு கொட்டகையின் தகரச் சுவரில் உரசியபடி நின்றது. நின்ற வாக்கில் சரிந்தது. சத்தம் கேட்டு வெளியே ஓடிவந்த ரவி, என்னவென்று புரியாமல் மாட்டின் கழுத்தில் கையை வைத்தான். வைத்த கை வரவில்லை. உடம்பு உதறியது.

சமையலறை ஜன்னல் வழியாக இதைப் பார்த்த புஷ்பா பாய்ந்துபோய் மெயினை இறக்கினாள். கை ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பிறகு அதை நினைத்தபோது அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

ரவி சேற்றில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தான். மாடு அசையவில்லை.

"மண்ணுக்குள்ள போட உட்டிருந்தா இது நடந்திருக்குமா, அக்கா?"

"ஒழுங்கா ஒயர் இழுக்கத் தெரியாதவனுக்குப் பிரீசர் எதுக்கு? என் மாட்டைக் கொன்னுட்டே."

மறுநாள் வந்த எலக்ட்ரீஷியன் தேவேந்திரனிடம் இருவரும் தனித்தனியாக நியாயம் கேட்டார்கள். எர்த்தும் கிடையாது, ஷாக் அடித்தால் தானாக விழும் பிரேக்கரும் கிடையாது, இனி மேலே ஒயர் போனால் வீட்டு லைனையும் தொடமாட்டேன் என்று சொன்னார் அவர். உங்கள் சண்டை, ஜகடாவை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

மாட்டைப் புதைக்க இருவரும்தான் குழி வெட்டினார்கள். அது முடிந்ததும் புஷ்பா மம்பட்டியைக் கழுவவில்லை. நேரே பாத்திக்குப் போய், முற்றாத இஞ்சியைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தோண்ட ஆரம்பித்தாள். ரவி தன் மம்பட்டியோடு பக்கத்தில் வந்து நின்றான்.

"ஒன் பக்கத்துலேருந்து வெட்டிட்டு வா. இங்க நிக்காத" என்றாள்.

தேவேந்திரன் வந்து கேபிளைப் பைப்புக்குள் விட்டுப் புதைத்தார். கொட்டகைக்குத் தனி எர்த்தும் பிரேக்கரும் வைத்தார். மண் மூடியதுமே புஷ்பா மூங்கில் கழிகளைக் கொண்டுவந்து, கேபிள் போன கோட்டை ஒட்டியே வேலி நடத் தொடங்கினாள். இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். ரவி கொட்டகை வாசலிலிருந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கொஞ்சம் தள்ளி நடு, அக்கா. கீழ லைன் போவுது."

"எனக்குத் தெரியும்" என்றாள் அவள். நட்ட கழியைப் பிடுங்கி ஒரு முழம் தள்ளி, அவன் பக்கமாகவே ஊன்றினாள்.