கவிஞருக்குச் சளி பிடித்த வருடம்

இறந்து ஆறாம் வருடம் கவிஞருக்குச் சளி பிடித்தது. அவர் வாழ்ந்த வீட்டை நினைவு இல்லமாக்கி, அவர் எழுதிய அறையில் ஒரு ஒலிபெருக்கி வைத்து, அவர் குரலில் பதிவான கவிதைகளை நாள் முழுக்க ஓடவிட்டிருந்தார்கள். அவ்வளவு பெரிய மனிதர் புழுங்கக் கூடாதே என்று நிர்வாகி ஒலிபெருக்கிக்கு நேர் மேலே ஏசி மாட்டினார். ஒரே வாரத்தில் பதிவில் தும்மல் கேட்டது. அடுத்த வாரம் ஊரே மனப்பாடமாகச் சொல்லும் காதல் கவிதை முழுவதும் மூக்கடைத்த குரலில் வந்தது. பார்வையாளர்கள் முகம் சுளித்தார்கள். பதிவை எடுத்துவிட்டு ஒரு நடிகரைப் படிக்க வைப்பது என்று நிர்வாகி முடிவு கட்டினார்.

பின் தெருவில் குடியிருந்த கவிஞரின் மனைவிக்குச் செய்தி எட்டியது. சாயங்காலமானால் அந்த அறையின் மூலையில் உட்கார்ந்து அவர் குரலைக் கேட்டுவிட்டுப் போவதுதான் அவளுக்கு மிச்சமிருந்த குடும்ப வாழ்க்கை. அதையும் ஒரு நடிகருக்குத் தூக்கிக் கொடுக்க அவளுக்கு மனமில்லை. கொதிக்கும் தண்ணீரும் கம்பளியுமாக வந்தாள். ஏசியை அணைக்கச் சொல்லி, ஒலிபெருக்கிக்கு முன்னால் பாத்திரத்தை வைத்து இரண்டையும் சேர்த்து மூடினாள்.

"அம்மா, ஷாக் அடிக்கும்மா!" என்று பதறினார் நிர்வாகி.

"இந்த மனுஷனோட இத்தனை வருஷம் குடும்பம் நடத்துனவ நான். எனக்கா ஷாக்கு?" என்றவள் கம்பளியின் பக்கம் திரும்பினாள். "ஏங்க, தலையை வெளிய நீட்டாம ஒழுங்கா உக்காருங்க."

கவிதை பாதியில் நின்றது. "கத்தாத. உக்காந்துதான இருக்கேன்" என்றது குரல்.

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே திட்டினாள், திட்டிக்கொண்டே இன்னொரு பாத்திரம் தண்ணீர் கொதிக்க வைத்தாள். இரண்டு மூன்று நாளில் குரல் கணீரென்று திரும்பியது. நடிகரிடம் மன்னிப்புக் கேட்டு ஆள் அனுப்பினார்கள்.

வருடங்கள் ஓடின. மூட்டுவலி அவளை வீட்டோடு முடக்கிப்போட்ட நாளிலிருந்து கவிஞர் கவிதை சொல்வதை நிறுத்திவிட்டார். யார் உள்ளே வந்தாலும் "அவ எப்படி இருக்கா?" என்று மட்டும் கேட்டார். எழுந்து நடக்கிறாள் என்று ஒப்புக்குச் சொன்னவர்களை அவர் நம்பவில்லை. அதனால் இப்போது நினைவு இல்லத்துக்கு வருகிறவர்கள் முதலில் பின் தெருவுக்குப் போய் அவளைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். "நல்லா இருக்காங்க, கொஞ்சம் சாப்பிட்டாங்க" என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் கவிதை தொடங்கும்.