இது தேறாது

அன்று தலைமை ஆசிரியையின் அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். சன்னலை ஒட்டிய பெரிய நாற்காலியில் தலைமை ஆசிரியை, ஒரு கோப்பின் அட்டையால் முகத்துக்கு விசிறிக்கொண்டு. அவருக்கு எதிரே பெற்றோர் சங்கத் தலைவரான மருந்துக்கடைக்காரர், கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்த கவலையில் கைபேசியை மேசைமேல் மல்லாக்க வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவரோரமாகத் துணைத் தலைமை ஆசிரியர். வாசலில் கிருமிநாசினி தெளிக்கும் பொறுப்பு தன்னிடம் வந்ததிலிருந்து பிள்ளைகள் தன்னைப் பாட்டில் சார் என்று அழைப்பது அவர் காதுக்கு இன்னும் எட்டவில்லை. அவருக்குப் பக்கத்தில், உட்காரக் கூடாது என்று குறுக்கே நாடா ஒட்டியிருந்த நாற்காலியில், நாடாவின் மேலேயே உட்கார்ந்திருந்தார் கணக்கு ஆசிரியர். கதவோரம், தொடைமேல் எழுதும் அட்டையோடு, எழுத்தாளர்.

உண்மையில் அவர் எழுத்தர். அலுவலக எழுத்தர். எழுத்தாளர் என்று யாரோ கேலியாக ஆரம்பித்து, வருடக்கணக்கில் கேலி தேய்ந்து, பெயர் மட்டும் மிஞ்சிவிட்டது. ஆறாவதாக, ஆள் கணக்கில் சேராமல், அலமாரிமேல் ஒரு மேசை விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதுவும் எழுத்தாளர் வீட்டிலிருந்து வந்ததுதான். மூடிய அறையில் ஏசி போடக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு வந்த அன்று, சும்மாதானே கிடக்கிறது என்று தூக்கிக்கொண்டு வந்தார். இடப்பக்கம் திரும்பும்போது மட்டும் தொண்டையைச் செருமிக்கொள்ளும்.

கூடியது ஒரு செய்தி மடலுக்காக. திங்கட்கிழமை முதல் பிள்ளைகள் நேரில் வர வேண்டும். அதைப் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும். மூடியது, திறப்பதாகச் சொன்னது, திறக்காமல் தள்ளிப்போட்டது, பாதிப் பாதியாய் வரச் சொன்னது என்று இதற்கு முன்னால் எத்தனையோ மடல்கள் போய்விட்டன. ஒவ்வொன்றையும் எழுத்தாளர்தான் எழுதினார். ஒவ்வொன்றிலும் நம்பிக்கை தெரிவித்தார். இப்போது நம்பிக்கை என்று எழுதப் போனாலே பேனா தானாக வேறு பக்கம் பார்த்தது.

வரைவைத் தலைமை ஆசிரியை கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார்.

"மகிழ்ச்சி ரெண்டு தடவை வந்திருக்கே."

"ஒண்ணு பள்ளிக்கூடம் திறக்கிறதுக்கு, மேடம். இன்னொண்ணு அவங்களைச் சந்திக்கப் போறதுக்கு."

"ஒண்ணு போதும். இங்க யார்கிட்ட ரெண்டு மகிழ்ச்சி இருக்கு?"

எழுத்தாளர் ஒரு மகிழ்ச்சியை அடித்தார்.

மருந்துக்கடைக்காரர் சீருடையைப் பற்றிப் பேச்செடுத்தார். "என் பையனுக்குப் பேன்ட் கணுக்காலுக்கு மேல நிக்குது மேடம். வீட்டுக்குள்ளயே கிடந்து ஒட்டகம் மாதிரி வளர்ந்திருக்கான். கொஞ்ச நாளைக்குக் கலர் டிரெஸ்ல வரட்டுமே."

"கலர் டிரெஸ்ஸுக்கு இடம் குடுத்தீங்கன்னா ஒவ்வொருத்தனும் மாப்பிள்ளை மாதிரி வந்து நிப்பான்" என்றார் பாட்டில் சார்.

"வந்து நின்னாச் சரி" என்றார் கணக்கு ஆசிரியர். "வரணுமே. கேக்குதா?"

வீட்டிலிருந்தபடி கணினிமுன் பாடம் நடத்திய காலத்தில் வாக்கியத்துக்கு ஒரு கேக்குதா போட்டுப் பழகியவர் அவர். இப்போது எதிரே ஆள் உட்கார்ந்திருந்தாலும் அது நிற்கவில்லை. எல்லாரும் சிரிப்பதையும் நிறுத்திவிட்டார்கள். கொஞ்ச நாளைக்குக் கலர் டிரெஸ் இருக்கட்டும் என்று தலைமை ஆசிரியை முடித்துவைத்தார்.

அடுத்தது வராதவர்கள் விஷயம். வகுப்புகளில் இடம் கேட்டு வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். திங்கட்கிழமை வராத பிள்ளையின் பெயர் நீக்கப்படும் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார் தலைமை ஆசிரியை. எழுத்தாளர் எழுதவில்லை.

"ஒரு வாரம் விட்டுப் பார்க்கலாமே மேடம்."

"எதுக்கு?"

"சில பிள்ளைங்க... உடனே கிளம்பாது."

"ஒரு வாரம் குடுத்தா ஒரு மாசம் கேப்பாங்க. நீங்க எழுதுங்க."

எழுதினார். அவருடைய மகள் பதினொன்றாம் வகுப்பு, இதே பள்ளிக்கூடம். நான் வரலை என்று அவள் சொல்லிக் கொஞ்ச நாளாகிறது. காரணம் கேட்டால் கதவு சாத்திக்கொள்ளும். இந்த அறையில் யாருக்கும் அது தெரியாது. ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் உற்சாகமாக அனுப்பி வையுங்கள் என்று எழுதுகிற ஆள், தன் வீட்டில் ஒருத்தியைக் கட்டிலைவிட்டு எழுப்ப முடியவில்லை என்று எந்த வாயால் சொல்வது?

"கடைசியா ஒண்ணு. கணக்குல தேறாத பிள்ளைகளுக்குச் சாயங்காலம் சிறப்பு வகுப்புன்னு போட்டுருங்க" என்றார் தலைமை ஆசிரியை.

"தேறாதன்னு வேண்டாம் மேடம்" என்றார் கணக்கு ஆசிரியர், கொஞ்சம் அவசரமாக.

"ஏன், தமிழ்தானே?"

"தமிழ்தான். வேற ஏதாவது போடலாம்." சொல்லிவிட்டு எழுத்தாளரை ஒரு பார்வை பார்த்து, சட்டென்று விசிறிப் பக்கம் திரும்பிக்கொண்டார். விசிறி செருமியது.

கூட்டம் கலைந்தபின் எழுத்தாளர் அலுவலகத்தில் உட்கார்ந்து மடலைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். கணக்கு ஆசிரியர் கதவருகே வந்து நின்றார். போகிறவர் மாதிரியும் இல்லை, உள்ளே வருகிறவர் மாதிரியும் இல்லை.

"உங்க பொண்ணு திங்கக்கிழமை வருதில்ல?"

எழுத்தாளரின் விரல் நின்றது. "ஏன் சார் கேக்கறீங்க?"

"இல்ல... அன்னைக்கு நடந்ததை அது வீட்ல சொல்லியிருக்கும்னு நினைச்சேன். நீங்களும் ஒண்ணும் கேக்கலை. நானா பேச்செடுக்க ஒரு மாதிரியா இருந்துச்சு."

"என்னைக்கு?"

கணக்கு ஆசிரியர் உள்ளே வந்து உட்கார்ந்தார். இந்த முறை நாடா இல்லாத நாற்காலி.

ஆன்லைன் வகுப்பில் ஒருநாள் அந்தப் பெண்ணிடம் ஒரு கணக்கைக் கேட்டாராம். பதில் வரவில்லை. கேக்குதா, கேக்குதா என்று இவர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அவள் பேசத்தான் மைக்கைத் திறந்திருக்க வேண்டும். ஆனால் வந்தது அவள் குரல் இல்லை. பின்னாலிருந்து ஒரு ஆம்பிளைக் குரல், கணீரென்று: "இது தேறாது. எத்தனை தடவைதான் பார்க்கிறது? தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிரலாம்."

"கிளாஸே சிரிச்சிருச்சு சார். நானும் பாதி சிரிச்சுட்டேன், பொய் சொல்லக் கூடாது. அது மைக்கை அணைச்சிட்டு வெளிய போயிருச்சு. அதுக்கப்புறம் பசங்க அதுக்கு அந்தப் பேரையே வெச்சுட்டாங்க. தேறாது வந்தாச்சா, தேறாது ஹோம்வொர்க் போட்டாச்சான்னு. நான் அதட்டினேன். அதட்டின பிறகு எனக்குத் தெரியாம அவங்களுக்குள்ள எழுதிக்கிட்டாங்க, அவ்வளவுதான். அப்படி எதுவும் நீங்க பொண்ணைச் சொல்ற ஆள் இல்லைன்னு எனக்குத் தெரியும். ஆனா எதைத்தான் சொன்னீங்க?"

எழுத்தாளருக்கு நினைவு வரவில்லை. ஒரு நாளில் வாயிலிருந்து எவ்வளவோ விழுகிறது. யார் அதைத் திரும்ப எடுத்துப் பார்க்கிறார்கள்? மனைவியைக் கைபேசியில் கூப்பிட்டார். அவள் பேருந்து நிலையத்தில் டிக்கெட் தருகிறவள். எடுத்த எடுப்பில் யாரையோ அதட்டினாள்.

"வரிசைல வாங்க சார்... சொல்லுங்க, என்ன இந்த நேரத்துல?"

"நான் எப்பவாவது வீட்ல எதையாவது, இது தேறாது, தூக்கிப் போட்டுரலாம்னு சொன்னேனா?"

"எதையாவதா? எல்லாத்தையும்தான் சொல்வீங்க. குக்கரைச் சொன்னீங்க, என் தம்பியைச் சொன்னீங்க."

"ஆன்லைன் கிளாஸ் நடந்தப்போ."

அந்தப் பக்கம் அவள் யாருக்கோ சில்லறை எண்ணிக் கொடுத்தாள். பிறகு அவள் சொன்னாள். "அந்த ஃபேன். சமையல்கட்டுல கழட்டிப் போட்டுக்கிட்டுக் கத்துனீங்களே. மெதுவாப் பேசுங்க, குட்டிக்குப் பாடம் நடக்குதுன்னேன். நீங்க எங்க மெதுவாப் பேசுனீங்க. ஏன், என்னாச்சு?"

"வந்து சொல்றேன்."

விசிறி. மூன்று நாள் மல்லுக்கட்டியும் சுற்றாமல், கடைசியில் மச்சான் வந்து ஏதோ ஒரு கம்பியைத் தொட்டதும் ஒன்றுமே நடக்காததுபோல் சுற்றத் தொடங்கிய அதே விசிறி. இப்போது அடுத்த அறையில் தலைமை ஆசிரியைக்குக் காற்று வீசிக்கொண்டிருக்கிறது. எழுத்தாளருக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. வந்த வழியிலேயே அது திரும்பிப் போய்விட்டது.

இது. அந்த ஒரு சொல்தான். விசிறியை இது என்கிறோம், பெற்ற பெண்ணையும் இது என்றுதான் சொல்கிறோம். இது இன்னும் சாப்பிடலையா, இது எப்ப வந்தது, இதைப் பாரு எப்படி வளர்ந்துருச்சு என்று. காதில் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு, விடை தெரியாத கணக்கின் முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு, சமையல்கட்டில் அப்பா எதைக் கையில் வைத்திருக்கிறார் என்று எப்படித் தெரியும்? பாடத்தைப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்து சொன்னதாகத்தானே நினைத்திருக்கும்? இன்று காலைகூட, திங்கட்கிழமைக்குச் சீருடையை எடுத்து வைக்கட்டுமா என்று கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டபோது அவள் சொன்னாள்: "நான் வந்து என்னப்பா ஆகப் போகுது? நான்தான் தேறாத கேஸாச்சே." வயசுப் பிள்ளையின் வெடுக்குப் பேச்சு என்று நினைத்து, வாயை அடக்கு என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"நான் வேணா வந்து பேசட்டுமா?" என்றார் கணக்கு ஆசிரியர்.

"வேண்டாம் சார். கிளாஸே வீட்டுக்கு வந்த மாதிரி ஆயிரும்."

"அதுவும் சரிதான்." எழுந்தார். "கணக்கு அதுக்கு வரும் சார். கொஞ்சம் லேட்டா வரும். கேக்குதா?"

"கேக்குது சார்" என்றார் எழுத்தாளர்.

மடலை முடித்தார். சிறப்பு வகுப்பு வரியில் 'கணக்கில் விட்டுப்போனதைச் சேர்ந்து படிக்க' என்று போட்டார். பெயர் நீக்கும் வரியின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அதைத் தொட அவருக்கு அதிகாரம் இல்லை. அந்த வரியை அப்படியே விட்டார். கைபேசியில் கிடைக்காத வீடுகளுக்கு மட்டும் தபால். அந்த உறைகளை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் மடலை மூன்றாக மடித்து, ஓரம் சரிபார்த்து உள்ளே வைத்தார். சிறு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதக் கற்றுக்கொண்டவர். இடப்பக்க மூலையில் அனுப்புநர், கீழே பெறுநர், விளிக்குப் பின் காற்புள்ளி என்று வாத்தியார் ஸ்கேலால் தட்டித் தட்டிப் பதிய வைத்தது இன்றும் கையைவிட்டுப் போகவில்லை.

கடைசியில் ஒரு உறை கூடுதலாக எடுத்தார்.

வீடு நடந்து போகிற தூரம்தான். போய்க் கதவைத் தட்டிச் சொல்லிவிடலாம். ஆனால் எப்படித் தொடங்கினாலும் குரல் உயர்ந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். நீ ஏன் அப்பவே கேக்கலை என்று ஆரம்பிப்பார். கதவு சாத்திக்கொள்ளும். தன் பெயருக்கு வந்த தபாலை அவள் இன்றுவரை பிரிக்காமல் விட்டதில்லை. விளம்பரத் தாளைக்கூடக் கடைசி வரிவரை படிப்பாள்.

அன்புள்ள மகளுக்கு என்று எழுதினார். அலுவலக நடையில், பொருள்: மேசை விசிறி தொடர்பாக, என்று கை தானாகப் போட்டது. அடிக்கப் போனவர், இருக்கட்டும் என்று விட்டார். உன்னைப் பற்றி நான் ஒருநாளும் அப்படி நினைத்ததில்லை என்று அடுத்த வரி. எழுதியதைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன வருடம் மதிப்பெண் வந்த மாலையில், வாய் திறக்காமல், ஒரு கணம் அவர் நினைத்தது அவருக்கு மட்டும் தெரியும். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தார்.

'அன்று உன் வகுப்பில் கேட்ட குரல் என்னுடையது. அது கேட்டது எனக்கு இன்றுதான் தெரிந்தது. நான் சொன்னது மேசை விசிறியை. அம்மா சாட்சி. அதை மாமா சரிசெய்துவிட்டார், நன்றாகச் சுற்றுகிறது. உன் மதிப்பெண்ணைப் பார்த்து நான் பயந்தது உண்டு. தூக்கிப் போட நினைத்தது இல்லை. உன்னையும் நான் இது என்றுதான் சொல்வேன். அது வேறு இது. திங்கட்கிழமை மடலை இத்துடன் வைத்திருக்கிறேன். கலர் டிரெஸ்ஸில் வரலாம். வா என்று எழுதவில்லை. படித்துவிட்டேன் என்று மட்டும் சொல்.'

தலைமை ஆசிரியையின் அறையைப் பூட்டுமுன், விசிறியை இரண்டு நாளைக்கு எடுத்துப் போகிறேன் என்று அவரிடம் சொன்னார். ஏன் என்று அவர் கேட்கவில்லை. யாரையும் எதுவும் கேட்கிற தெம்பு அவருக்கும் அன்று மிச்சமில்லை.

வெளியே வெயில் சாய்ந்திருந்தது. தபால்பெட்டி பள்ளி வாசலுக்கு எதிரே, பேருந்து நிற்கிற இடத்தில். எழுத்தாளர் உறைக் கட்டை ஒரு கையிலும் விசிறியை மறு கக்கத்திலும் வைத்துக்கொண்டு சாலையைக் கடந்தார். மற்ற உறைகளை ஒவ்வொன்றாகப் போட்டார். கடைசி உறை இன்னும் ஒட்டாமல் இருந்தது. இரண்டு கையும் வேண்டியிருந்ததால் விசிறியைக் கீழே நிறுத்திவைத்து, ஒருமுறை பெயரையும் முகவரியையும் படித்துப் பார்த்து, மடிப்பை நாக்கால் நனைத்து, கட்டைவிரலால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அழுத்தித் தேய்த்தார். கடைசித் தபால் எடுக்க வேண்டிய ஆள் தெரு முனையில் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். எழுத்தாளர் உறையைப் பெட்டியின் வாய்க்குள் நுழைத்து, விரல் நுனியில் ஒரு கணம் பிடித்திருந்து, விட்டார். உள்ளே அது மற்ற உறைகளின்மேல் விழுகிற சத்தம் கேட்டது. ஒரு பேருந்து அவரை உரசினாற்போல் போயிற்று. அது கிளப்பிய காற்றில், காலடியில் நின்ற விசிறியின் இறக்கைகள் மெல்ல ஒரு சுற்று சுற்றின.