சுபிராவின் கசிவு

"பாபா, தண்ணிக்குப் படகுக்குள்ள வர வழி தெரியுதே, வெளிய போக மட்டும் ஏன் தெரியல?" என்று நஸ்ரா ஒருமுறை கேட்டாள். அப்போது அவளுக்கு முன்பற்கள் விழுந்திருந்தன. அத்மானி சிரித்துக்கொண்டே தகரக் குவளையால் தண்ணீரை வெளியே இறைத்தான். இப்போது நஸ்ராவுக்குப் பற்களெல்லாம் முளைத்துவிட்டன. அவன் இன்னும் இறைத்துக்கொண்டுதான் இருந்தான்.

சுபிரா சின்னப் பாய்மரப் படகு. சுபிரா என்றால் பொறுமை. அந்தப் பெயரை வைத்த நேரமோ என்னவோ, உடையவனுக்கு அது நிறையவே தேவைப்பட்டது. லாமு தீவுத் துறையில் நிற்கும்போது படகு சொட்டு நீர் வாங்காது. சரக்கேற்றிப் பாய் விரித்து ஃபாஸா ஊருக்குக் கிளம்பினால் போதும், பாதி வழியில் பாய்மரத்தடியில் தண்ணீர் தளும்பும். போன முறை அந்த ஊர்க் கடைக்காரரின் கோதுமை மாவு களியாகவே போய் இறங்கியது.

அவர் நல்ல மனிதர், குரலை உயர்த்தவில்லை. "அத்மானி, இன்னொரு தடவை நனைஞ்சா சரக்கை மோட்டார் படகுல ஏத்திருவேன். மனசுல வச்சுக்காதப்பா" என்றார்.

சரக்கு போனால் படகும் போகும். கடலோர ஓட்டல்காரர் ஏற்கெனவே கேட்டுவிட்டார்: சுபிராவை நெடுக்கில் அறுத்து, குடிக்க வருகிறவர்கள் முழங்கை ஊன்ற மேசையாக்கப் போகிறாராம். ஐந்து வேளை தொழுகிறவனின் படகு மேல் பீர் புட்டிகள்.

அவன் செய்யாததில்லை. வற்றுக்கடலில், நீர் இறங்கிய நேரத்தில், மணலில் சாய்த்துப் போட்டு, பலகை இடுக்கெல்லாம் தேங்காய் எண்ணெயில் ஊறிய பஞ்சைத் திணித்தான். மகளின் கேள்வியைத் திருப்பிப் போட்டு, படகுக்குள்ளே முழங்காலளவு தண்ணீர் ஊற்றி, அது எங்கே வெளியே வருகிறதென்று அடியில் குனிந்து குனிந்து பார்த்தான். ஒரு துளி வரவில்லை.

மனைவி ருகையா, சுபிரா வந்த நாளிலேயே கண்ணேறு படாமலிருக்க உள்பலகையில் ஒரு தாயத்தை அடித்து வைத்திருந்தாள். கசிவுக்கும் கண்ணேறுதான் காரணம் என்பது அவள் முடிவு. தண்ணீர் கூடக் கூட, தாயத்து தளர்ந்திருக்குமென்று துறைக்கு வந்து ஆணியை இன்னொரு தட்டு தட்டிவிட்டுப் போவாள்.

கடல்சுவரில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு உண்டா? முதல் குரல் எப்போதும் புனுவுடையது. மவ்லிது விழாப் படகுப் பந்தயத்தில் வருடா வருடம் சுபிராவோடு மோதும் படகுக்காரன்.

"நகுதா, கப்பல் தலைவரே, இன்னிக்கு ஊத்து எப்படி? எங்க தெருக் குழாய்ல தண்ணி வரல, ரெண்டு குடம் குடுத்தனுப்பட்டுமா?"

"உன் வாயை ஒரு நாள் மூடி வை. உப்புக்காத்தாவது உள்ள போகாம இருக்கும்" என்றான் அத்மானி.

புனுவின் வாயும் சுபிராவின் அடியும் ஒன்று என்பார்கள் ஊரில். உள்ளே எதுவும் தங்காது.

அன்று அத்மானிக்கு ஒரு யோசனை வந்தது. இடுக்குகளில் மாவைத் தூவிக்கொண்டு ஓட்டினால், தண்ணீர் வரும் வழி மாவில் கோடாகத் தெரியுமே! ருகையா எண்ணெயில் மஹம்ரி சுட வைத்திருந்த மாவுப் பையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு நழுவினான்.

"நஸ்ராவோட பாபா, வயித்துல என்ன வீக்கம்?" என்று ருகையா முற்றத்திலிருந்து கேட்டாள்.

"வாயுவா இருக்கும்" என்று வேகமாக நடந்தான்.

அவன் சுக்கானைப் பிடித்தால், படகுக்குள் அடித்தட்டில் படுத்துப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். கடல்சுவரில் கேட்டதற்கு யாரும் அசையவில்லை. புனுதான் சோம்பல் முறித்து எழுந்தான். "நான் வர்றேன். கிணத்தை உள்ளேருந்து பாத்தவன்னு பேராவது கிடைக்கும்."

கால்வாயைத் தாண்டியதும் காற்று பிடித்தது. சுபிரா வலப்பக்கம் நன்றாகச் சாய்ந்து ஓடியது. புனுவின் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"என்னடா தெரியுது?"

"உன் பொண்டாட்டி மாவுல வண்டு இருக்கு."

"தண்ணியப் பாருடா."

புனு பேசாமல் இருப்பது அத்மானிக்குப் பயமாக இருந்தது.

"உசுரோட இருக்கியா?"

"கத்தியும் பஞ்சும் குடு."

"எங்கன்னு சொல்லு, நான் வந்து பாக்கறேன்."

"சுக்கானை விட்டுட்டு வந்தா ரெண்டு பேரையும் மீன்தான் பாக்கும். உக்காரு."

பலகை கழலும் சத்தம், தட்டும் சத்தம். பிறகு புனு எழுந்தான். புருவம், மீசை, நெஞ்சு முடி எல்லாவற்றிலும் மாவும் உப்புநீரும் குழைந்து ஒட்டியிருந்தன. எண்ணெய்ச் சட்டிதான் பாக்கி.

"புழுத் தொளை. அடைச்சாச்சு" என்றான். "தாயத்தை மேல குறுக்குக் கட்டையில கட்டிட்டேன். எழுத்து நனையக் கூடாது பாரு."

அடுத்த பயணத்தில் சரக்கு உலர்ந்த மாவாகவே இறங்கியது. ஃபாஸா கடைக்காரர் மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்து, வெள்ளை விரல்களைக் காட்டிச் சிரித்தார். ஓட்டல்காரர் மேசைக்கு வேறு மரம் தேடப் போனார்.

ஒரு நாள் உள்பலகையைக் கழற்றிக் கழுவும்போதுதான் அத்மானி அந்த அடைப்பைப் பார்த்தான். தாயத்து முன்பிருந்த அதே இடம். நீர்மட்டத்துக்கு மேலே, படகு சாய்ந்தால் மட்டும் கடலுக்குள் போகும். பஞ்சைச் சுற்றித் துளையின் விளிம்பு சதுரமாக இருந்தது. புழு சதுரமாகக் கடிக்காது. அவன் பெட்டியிலேயே நீளமான சதுரக் கப்பலாணியை எடுத்துத்தான் ருகையா அடித்திருக்கிறாள். அது வெளிப்பலகையையும் துளைத்திருக்கிறது. அவள் தட்டத் தட்ட ஓட்டை பெரிதாகியிருக்கிறது. தண்ணீர் உள்பலகைக்குப் பின்னாலேயே ஓடி, பாய்மரத்தடியில் எட்டிப் பார்த்திருக்கிறது. தாயத்தை யார் சந்தேகிப்பார்கள்?

அத்மானிக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றது.

மாவு பூசிய கதையை புனு ஊரெல்லாம் நடித்துக் காட்டியிருந்தான், தன் மீசை உட்பட. ஆணியைப் பற்றி ஒரு சொல் இல்லை. சொல்லியிருந்தால் ருகையா தெருவில் நடந்திருக்க முடியாது. சிறுபிள்ளைகள்கூட ஆணி என்று கூப்பிட்டிருப்பார்கள். அன்பால் செய்ததற்கு அந்தத் தண்டனை. வாயில் எதுவும் தங்காத மனிதன் இதை மட்டும் வைத்துக்கொண்டான். அதற்கு எவ்வளவு சிரமப்பட்டிருப்பான் என்று இறைவனுக்குத்தான் தெரியும்.

அத்மானி பலகையை மூடினான். வீட்டில் ருகையா, "தாயத்து வேலை செஞ்சுது, பாத்தீங்களா?" என்றாள். "ஆமா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டான்.

மவ்லிது பந்தயம் நெருங்கியது. மதிய உணவுக்குப் பின் ஊர் கண்ணயர்ந்த வேளையில், வற்றுக்கடலில் சாய்ந்து கிடந்த புனுவின் படகை அத்மானி கடந்து போனான். அடிப்பலகை இடுக்கில் ஒரு முழ நீளத்துக்குப் பஞ்சு தளர்ந்திருந்தது. இப்படியே ஓடினால் முதல் திருப்பத்திலேயே தண்ணீர் குடிக்கும். சுபிரா சுலபமாக ஜெயிக்கும்.

அவன் சுற்றும் பார்த்தான். கழுதைகள்கூட நிழலுக்குப் போயிருந்தன. பிஸ்மில்லா சொல்லி, மணலில் மல்லாந்து, படகின் அடியில் நுழைந்தான். பழைய பஞ்சை நோண்டியெடுத்துப் புதியதைத் திணித்தான். சத்தம் வராமல் உளிக்குத் துணி சுற்றித் தட்டினான். கடைசியில் சுண்ணாம்புக் குழைவை இழுத்துப் பூசி, புதிது தெரியாதபடி அதன் மேல் கொஞ்சம் சேற்றையும் தேய்த்தான்.

பிறகு எழுந்து முதுகு மணலைத் தட்டிக்கொண்டு, புனுவின் வீட்டு வாசல் வராத சந்து வழியாக வீட்டுக்குப் போனான்.