எட்டாத மேஜை

சின்னவள் தன் பதினோராவது கடிதத்தை அனுப்பிய அதே நாளில்தான், அவளுடைய படத்தை ஆய்வு நிலையத்தின் முகப்புச் சுவரில் பெரிதாக ஒட்டப்போகிறார்கள் என்ற செய்தி வந்தது. அவளுக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

வீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவள் பெரியவள், இளையவள் சின்னவள். முப்பத்தைந்து வயதாகி, முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. ஒருநாள் அக்கா மறந்துபோன சாப்பாட்டுப் பையைக் கொண்டுவந்து, ஆய்வுக்கூட வாசலில் நின்று, "எங்க சின்னவ இருக்காளா?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து அங்கேயும் அவள் சின்னவள்தான். பிறவியிலேயே முதுகுத்தண்டில் கோளாறு. நடந்ததே இல்லை, சக்கர நாற்காலிதான். நடக்காத காலைப் பற்றி அவள் பெரிதாக வருந்தியதில்லை. அவள் உயிரை எடுத்தது ஒரு மேஜை.

செல்களை வளர்ப்பவர்களுக்கு அந்த மேஜை இல்லாமல் வேலை ஓடாது. எஃகு மேஜை, அதன்மேல் முன்பக்கம் கண்ணாடி இறக்கிய ஒரு பெரிய பெட்டி. வடிகட்டிய காற்று உள்ளே ஓயாமல் வீசிக்கொண்டிருப்பதால் கிருமி அண்டாது. ஹூட் என்பார்கள். கைகளை மட்டும் உள்ளே விட்டு வேலை செய்ய வேண்டும். நாற்காலியில் இருந்தபடி போனால் மேஜை விளிம்பு சின்னவளின் மோவாய்க்கு நேராக வரும். கீழே முழங்காலை நுழைக்கலாம் என்றால் அங்கே அலமாரி வைத்து அடைத்திருந்தார்கள். ஆகவே தினமும் இரண்டு கைகளையும் ஊன்றி, உடம்பை ஒரு உயரமான முக்காலிக்கு ஏற்றி, விழாமல் இருக்க இடுப்பை மேஜையோடு ஒட்டிவைத்துக்கொண்டு வேலை செய்வாள். ஒரு மணி நேரத்தில் தோள்பட்டை கழன்றுவிடும்போல வலிக்கும்.

மேஜையைத் தாழ்த்தித் தாருங்கள் என்று இரண்டு வருடமாக இயக்குநர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினாள். முதல் கடிதத்துக்கு, பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. நாலாவதுக்கு, உயரமான இருக்கையைப் பயன்படுத்தலாமே என்று ஆலோசனை. ஏழாவதுக்கு வந்த பதிலைப் படித்துவிட்டு அவள் அன்று மதியம் சாப்பிடவே இல்லை. தன்னால் நிற்க இயலாது என்பதற்கு மருத்துவச் சான்று இணைக்க வேண்டுமாம்.

இத்தனைக்கும் அவள் வேலை அவசர வேலை. விபத்திலோ நோயிலோ மூச்சுக்குழாயில் ஒரு பகுதியை இழந்தவர்களுக்கு, அவர்கள் மூக்கிலிருந்தே சுரண்டியெடுத்த செல்களைக்கொண்டு புதிய உட்பூச்சு வளர்ப்பது. மூச்சுக்குழாயின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மயிரிழைகள் கோடிக்கணக்கில் அசைந்து, சளியையும் தூசியையும் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். ஆய்வுக்கூடத்தில் வளர்த்ததிலும் இழைகள் முளைத்தன, அசைந்தன. ஆனால் ஒன்று இந்தப் பக்கம் தள்ளினால் இன்னொன்று அந்தப் பக்கம் தள்ளியது. சளி நடுவில் நின்று சுற்றிக்கொண்டிருந்தது. முளைக்கும் நாளிலிருந்தே ஒரே திசையில் மெதுவாகத் திரவத்தை ஓடவிட்டால், இழைகள் அந்தத் திசையைக் கற்றுக்கொள்ளும் என்பது சின்னவளின் எண்ணம். ஆறு சிறு குழாய்கள், இருபத்தெட்டு நாள், இரண்டு நாளைக்கு ஒருமுறை ஊட்டத் திரவம் மாற்ற வேண்டும்.

இதையெல்லாம் வருகிறவர்களிடம் விளக்கினால் அவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நாற்காலியைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்துவார்கள்.

"உங்க காலுக்காகத்தான் இந்த ஆராய்ச்சியா?"

"இல்லைங்க. மூச்சுக்குழாய்."

"ஓ. அப்புறம் படிப்படியா காலுக்கும் வரும், இல்லையா?"

சோதனையின் பத்தொன்பதாவது நாள், அவள் கையுறை மாட்டிக்கொண்டிருக்கும்போது மக்கள் தொடர்பு அதிகாரி வந்து நின்றார். எதைப் பார்த்தாலும் "பிரமாதம்" என்று சொல்லும் மனிதர். கூடவே தோளில் கேமராவோடு ஒரு பெண்.

"வெள்ளிக்கிழமை நிதி தர்றவங்க பார்வையிட வர்றாங்க மேடம். 'அறிவியல் எல்லாருக்கும்'னு ஒரு சுவர் முழுக்கப் படம் வைக்கிறோம். நடுவுல நீங்க. பிரமாதமா இருக்கும். பத்தே நிமிஷம்."

"எனக்கு இப்போ திரவம் மாத்தணும் சார்."

"அதையே எடுத்துக்கறோம்! இயல்பா இருக்கும்."

சரி, தொலைகிறது என்று சின்னவள் முக்காலியில் ஏறி வேலையை ஆரம்பித்தாள். படம் எடுக்கிற பெண் இரண்டு மூன்று எடுத்தாள். அதிகாரி கேமராவின் சின்னத் திரையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"நாற்காலி தெரியலையே மேடம்."

"நான் நாற்காலியில இல்லையே சார்."

"அதான் பிரச்சனை. பார்க்கிறவங்களுக்கு எப்படிப் புரியும்? நீங்க மத்தவங்க மாதிரியே தெரியறீங்க."

சின்னவள் கண்ணை மூடி மூன்று எண்ணினாள். "சரி. நாற்காலியிலேயே உட்காரறேன். எடுங்க."

குழாய்களைப் பத்திரமாக இன்குபேட்டர் என்ற வெப்பப் பெட்டியில் வைத்துவிட்டு, நாற்காலிக்கு இறங்கி, மேஜையை ஒட்டிப் போய் நின்றாள். கைகளைத் தூக்கி ஹூட்டுக்குள் விட்டாள். முழங்கை விளிம்பில் இடித்தது. மேஜை விளிம்புக்கு மேலே அவள் முகம் மட்டும் தெரிந்தது. கடை மேடைக்கு எட்டாமல் எக்கிப் பார்க்கிற குழந்தை மாதிரி இருந்தாள்.

படம் எடுக்கிற பெண் கேமராவைக் கீழே இறக்கினாள். "என்னங்க இது? இது எட்டவே மாட்டேங்குதே. தினமும் எப்படி வேலை செய்யறீங்க?"

இரண்டு வருடத்தில் இந்தக் கேள்வியை ஒருவர்கூடக் கேட்டதில்லை. சின்னவள் கடுகடுவென்று சொன்னாள்: "இப்படியே எடுங்க. சுவத்துல வெக்கறதா இருந்தா இதைத்தான் வெக்கணும்."

"ஐயையோ மேடம், இது சரியா வராது," என்றார் அதிகாரி.

"அதேதான் சார் நானும் ரெண்டு வருஷமா சொல்லிட்டிருக்கேன்."

அந்தப் பெண் எடுத்துவிட்டாள். போகும்போது சின்னவளின் கைப்பேசிக்கு அந்தப் படத்தை அனுப்பிவிட்டும் போனாள்.

சாயங்காலம் அக்கா அவள் தோளில் தைலத்தைச் சூடு பறக்கத் தேய்த்துவிட்டபடி நடந்ததைக் கேட்டாள். அக்காவுக்குத் தபால் அலுவலக முகப்பில் வேலை. நாள் முழுக்க மற்றவர்களுடைய புகார்களைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு ஒரு தெளிவு வந்திருந்தது.

"உன் கடிதம் எத்தனை பக்கம்டி?"

"மூணு. விவரமா எழுதினாத்தானே புரியும்?"

"மூணு பக்கத்தை எவன் படிக்கிறான்? படத்தை ஒட்டு. கீழே ஒரே ஒரு வரி எழுது. முடிஞ்சது." அக்கா தோளை ஒரு அழுத்து அழுத்தினாள். "அப்புறம், எல்லாத்தையும் பல்லைக் கடிச்சுட்டே செஞ்சு முடிச்சுடறே பாரு. அதனாலதான் அவனுங்களுக்கு அவசரமே தெரியலை."

சின்னவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் பன்னிரண்டாவது கடிதத்தை அக்கா சொன்னபடியே எழுதினாள். படம். கீழே, 'நான் வேலை செய்யும் இடம் இது' என்று ஒரு வரி.

மறுநாள் காலை பத்து மணிக்கு இயக்குநர் தானே இறங்கி வந்தார்.

"ஏம்மா, இவ்வளவு கஷ்டப்படறீங்கன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"பதினோரு தடவை சொல்லியிருக்கேன் சார்."

"அது கடிதம்மா. நேர்ல என் ரூமுக்கு வந்து சொல்லியிருக்கலாம்ல?"

"உங்க ரூம் மூணாவது மாடி சார். லிப்ட் ரெண்டாவதோட நின்னுடுது."

இயக்குநர் மேஜையைக் குனிந்து பார்த்தார். பிறகு போனை எடுத்துப் பட்டறையிலிருந்து வெல்டரை வரச்சொன்னார். வெல்டர் மேஜையைச் சுற்றிவந்தார், ஒரு காலைத் தட்டினார், அடியிலிருந்த அலமாரியைப் பிடித்து ஆட்டினார்.

"இந்த அலமாரி சும்மா நாலு திருகுலதான் நிக்குது. கழட்டிடலாம். காலை வெட்டி அடிக்கட்டை வெச்சா ஆச்சு. அரை நாள் வேலைங்க. இதுக்கா என்னைக் கூப்பிட்டீங்க?"

அரை நாள்! சின்னவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த நேரத்தில் யாராவது தன்னிடம் பேசினால் கத்திவிடுவோம் என்று பயந்தாள்.

இருபத்தோராவது நாள் வெல்டர் சொன்னபடி முடித்துக்கொடுத்தார். நாற்காலியோடு உள்ளே போனால் முழங்கால் தாராளமாக நுழைந்தது, கை இயல்பாக மேஜையில் படிந்தது. ஆனால் ஹூட்டை இடம் அசைத்தால் காற்றோட்டத்தைச் சோதித்துச் சான்று தந்த பிறகுதான் தொடலாம் என்பது விதி. சோதிக்கிற ஆள் அடுத்த வாரம்தான் வருவார். நடுவில் மூன்று முறை திரவம் மாற்றியாக வேண்டும். பக்கத்து ஆய்வுக்கூடத்து ஹூட்டைத் தருவதாகச் சொன்னார்கள். அது உள்ளறையில் இருந்தது. அந்த அறையின் கதவில் சக்கர நாற்காலி நுழையாது.

கடைசியில் சோடாபுட்டிதான் கைகொடுத்தான். கூட வேலை செய்கிறவன், மூக்குக்கண்ணாடியால் அந்தப் பெயர். நல்லவன், ஆனால் அவனுடைய தொழில் கணினி மாதிரிகள். செல்லைத் தொட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது. சின்னவள் வெளியே கண்ணாடிச் சுவரை ஒட்டி நாற்காலியை நிறுத்திக்கொண்டாள். அவன் உள்ளே போனை ஒலிபெருக்கியில் வைத்துக்கொண்டான்.

"பழைய திரவத்தை முழுசா எடுக்காதே. கொஞ்சம் விடு."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"அடி மூடற அளவுக்கு. இப்போ புதுசு. மெதுவா. மெதுவான்னு சொன்னேன்! குழாய் ஓரமா ஊத்துடா, நடுவுல இல்லை!"

"நீ கத்தினா கை நடுங்குது."

"நான் கத்தலை! ...சரி, கத்தினேன். ஓரமா ஊத்து."

ஐந்தாவது குழாயில் குமிழ் விழுந்தது. அவளுக்கு வெளியிலிருந்தே தெரிந்தது. இழைகள் மீது குமிழ் உட்கார்ந்தால் அந்த இடம் காய்ந்துபோகும். அவள் இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் பதித்தாள். சோடாபுட்டி நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"நீயே செஞ்சிருந்தா இது நடந்திருக்காது, இல்லையா?"

"நான் செஞ்சாலும் நடந்திருக்கும்," என்று பொய் சொன்னாள். "அடுத்ததைப் பாரு."

வெள்ளிக்கிழமை நிதி தருகிறவர்கள் வந்து போனார்கள். சுவரில் கடைசியில் ஒட்டியது கையுறை போட்ட ஒரு கையின் படம் மட்டும்தான். சின்னவளின் கைதான், ஆனால் யார் கையாகவும் இருக்கலாம். அவளுக்கு அது பிடித்திருந்தது. அதிகாரியிடம் சொல்லவில்லை.

இருபத்தெட்டாவது நாள், குழாய்களின் ஒரு முனையில் ஊசிமுனை அளவு நிறத்தூள் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். முதல் குழாயில் தூள் கொஞ்ச நேரம் தயங்கி நின்றது. பிறகு நகர ஆரம்பித்தது. வரிசை கலையாமல், யாரோ பின்னாலிருந்து பொறுமையாகத் தள்ளுவதுபோல, மறுமுனைவரை போய்ச் சேர்ந்தது. அவள் மூச்சை விட மறந்துபோனாள். இரண்டாவது, மூன்றாவது, நாலாவதும் அப்படியே. ஐந்தாவதில் பாதி வழியில் நின்றுவிட்டது. ஆறாவதில் நின்ற இடத்திலேயே சுற்றியது.

"ஆறுக்கு நாலு!" சோடாபுட்டி குதித்தான். "போதும்டா சாமி! எழுத ஆரம்பி."

"அஞ்சாவதுல குமிழ். சரி. ஆறாவது ஏன் சுத்துது? உன் கையாலா, என் எண்ணமே அரைகுறையா? இது தெரியாம என்னத்தை எழுதறது?"

"உனக்குச் சந்தோஷப்படவே தெரியாதா?"

தெரியும். அன்று வீட்டுக்குப் போனதும் அக்காவிடம் அந்தத் தூள் நகர்ந்த விதத்தை நாலு முறை சொன்னாள். நாலாவது முறையும் அக்கா கேட்டுக்கொண்டாள். ஆனால் சோதனையை முதலிலிருந்து திரும்பச் செய்தே ஆக வேண்டும்; அதில் அவளுக்குச் சந்தேகமில்லை.

ஹூட்டுக்குச் சான்று கிடைத்த மறுநாள், புதிய செல்களோடு சின்னவள் வழக்கமான நேரத்துக்கு ஏழு நிமிடம் முன்னதாகவே போனாள். மேஜையில் ஏற்கெனவே ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ஏழாம் மாத வயிற்றோடு நிற்க முடியாத பக்கத்துக்கூடத்துப் பெண். அவளுக்குப் பின்னால், முதுகுவலிக்காரரான மூத்த விஞ்ஞானி ஒருவர் கையில் செல் தட்டோடு காத்திருந்தார். கதவில் தொங்கிய நேர அட்டவணையைப் பார்த்தாள். புதன்கிழமை வரை ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. புதன்கிழமையில் சோடாபுட்டியின் பெயர்கூட இருந்தது.

"நீ எப்போடா செல் வளர்க்க ஆரம்பிச்சே?" என்று அங்கே வந்து நின்ற அவனைக் கேட்டாள்.

"போன வாரம் பழகினேன்ல," என்றான். "அதுவும் இல்லாம, இங்க உட்கார்ந்து செய்யறது எவ்வளவு வசதியா இருக்கு தெரியுமா? இத்தனை நாள் ஏன் யாரும் கேக்கலை?"

சின்னவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்து, புதன்கிழமைக் கட்டத்தில் அவன் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினாள்.