பாயில் படவேண்டிய மூக்கு

காத்தான்குடியில் தறி நெய்கிற ஸைனம்புவை வாயில் வெல்ல ஆளில்லை. அப்படிப்பட்டவள், மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் டொக்டர் நல்லரத்தினத்தின் முன்னால் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

போன வருடம் தறிமரம் அடித்து உடைந்த மூக்கை அவர்தான் வெட்டி நிமிர்த்தினார். மூன்றே மாதத்தில் அது சப்பளிந்து உள்ளே விழுந்துவிட்டது. இப்போது வாயால்தான் மூச்சு. கறி மணம் எப்படியிருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று.

“ரெண்டு வழி இருக்கு” என்றார் டொக்டர். “உள்ளுக்க அடைச்சத மட்டும் வெட்டித் துறக்கலாம். மூச்சு வரும், மூக்கு இப்பிடியேதான் கிடக்கும். இல்லாட்டி, விலாவில குருத்தெலும்பு எடுத்து முண்டு குடுக்கலாம். வெட்டின இடத்தில திரும்ப வெட்டுறது கஷ்டம், வீக்கம் முழுக்க வத்த ஒரு வருசம் பிடிக்கும். ஆனா எனக்குக் கை வைக்க மனமில்ல. முதல்ல எங்க பிழை விட்டனெண்டே விளங்கல்லயே.”

“அப்ப உங்கட கைப்பிழைதானே?” என்றான் அவள் கணவன் றவூப். டொக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஸைனம்புவுக்குச் சுருக்கென்றது. செய்யாத குற்றத்துக்கு ஒரு நல்ல மனிதன் தலைகுனிவதா?

“வாய மூடுங்க மனிசா! பிழை என்ட. வெட்டின ஒம்பதாம் நாள் ஹஜ்ஜுப் பெருநாள் வந்திச்சு. தொழுகையில சுஜூதுக்குக் குனிஞ்சா நெத்தியும் மூக்கும் பாயில படணும். கட்டோட மூக்குப் படாதெண்டு, கட்டைக் கழட்டி வெச்சிட்டு மூக்கை அமத்தித் தொழுதன் டொக்டர்.”

“நோயாளிக்குக் கதிரையில இருந்து தொழலாமே?”

“தெரியும். அது ஏலாத ஆக்களுக்கெண்டு நினைச்சன். பிறகு சொல்ல வெக்கம்.”

டொக்டர் வாய்விட்டுச் சிரித்தார். “அப்ப பிழை எங்கயெண்டு விளங்கிற்று. முண்டு குடுப்பம். ஆறு கிழமை குனியப்படாது, தறிப்பக்கமும் போகப்படாது.”

“ஓம். நீங்க வெட்டுங்க, மத்தது என்ட பொறுப்பு.”

வெட்டிய ஐந்தாம் கிழமை நோன்புப் பெருநாள் வந்தது. கட்டு இல்லை, வலியும் இல்லை. பெண்கள் தொழும் தைக்காவில் கதிரை போட்டு உட்கார்ந்தே தொழுதாள் ஸைனம்பு. மாமியார் ஆயிஷா உம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

“என்ன கா, அல்லாஹ்ட முன்னுக்கும் கதிரையா?”

“அவன் தந்த சலுகைய வேணாமெண்டு போன வருசம் பட்டது போதும் மாமி. அவனை விட நான் பெரிய ஆளில்ல.”

மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பட்டும்!

ஏழாம் கிழமை டொக்டர் மூக்கைத் தடவிப் பார்த்து, இனிக் குனியலாம் என்றார். அன்று பின்னேரம் அஸர் தொழுகையில் அவள் நெற்றியை மெல்ல வைத்தாள், பிறகு மூக்கை வைத்தாள். மூச்சை இழுத்தாள். புதுப் பன்புல் பாயின் பச்சை மணம் குப்பென்று உள்ளே ஏறியது. சொல்லவேண்டிய தஸ்பீஹ் துதியும் மறந்துபோய், கண்ணீர் பாயில் சொட்டச் சொட்ட, ஸைனம்பு தலை தூக்காமல் அப்படியே கிடந்தாள்.